பதினெட்டுக் கையெழுத்துகள்

ஜூன் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் உடம்பளவில் சுகம். மனசு எப்படி இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ எப்படி இருக்கிறாய்? குட்டிக்கு இருமல் நின்றதா? மாப்பிள்ளையின் கப்பல் இப்போது எந்தக் கடலில் நிற்கிறது?

போனில் பேசக் கூடாதா என்று கேட்பாய். உங்கண்ணன் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்துகொள்கிறார். நான் ஒரு வார்த்தை பேசினால் அவர் ஒன்பது பேசுகிறார். நீ ஹாஸ்டலில் இருந்த காலத்திலிருந்தே உனக்கு எழுதித்தான் எனக்குப் பழக்கம். ஒரு மணி நேர பஸ் தூரத்துக்குத் தபால் மூன்று நாள் எடுத்துக்கொள்கிறது என்பதுதான் எரிச்சல்.

விஷயத்துக்கு வருகிறேன். தீர்மானம் போட்டுவிட்டார்கள். அக்டோபர் முதல் தேதியிலிருந்து எங்கள் ஊர் தனி ஊர் இல்லை. நீ வேலை பார்க்கிற மாநகராட்சியின் அறுபத்தோராம் வார்டிலிருந்து எழுபதாம் வார்டு வரை நாங்கள். நீ கல்யாணமாகிப் பெரிய ஊருக்குப் போனாய். இப்போது ஊரே பெட்டி படுக்கையோடு உன் பின்னால் கிளம்பிவிட்டது. உங்கண்ணனுக்கு ஒரே குஷி. டவுன் பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு வந்து, "சாமான் செட்டு தூக்காம மாநகரத்துக்குக் குடிவந்துட்டேன் பாத்தியா?" என்று மார்தட்டுகிறார். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு பக்கம் 'வருக', மறுபக்கம் 'நன்றி, மீண்டும் வருக' என்று ஒரு போர்டு நிற்கிறதே, அதைப் பிடுங்குவார்களா மாட்டார்களா என்பதுதான் அவருடைய பெரிய கவலை.

என் கவலை வேறு. எங்கள் நகராட்சியில் குமாஸ்தாக்கள் நாற்பத்தொரு பேர். நீங்கள் எடுத்துக்கொள்ளப் போவது முப்பது பேரைத்தான். சீனியாரிட்டிப்படி மேலிருந்து எண்ணி முப்பது. மற்றவர்களுக்குக் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்களாம். பிறப்பு இறப்புப் பதிவில் எனக்கு இது இருபத்துநாலாவது வருஷம். பட்டியலில் ஒன்பதாவதாக நிற்கிறேன். 'அப்புறம் என்ன அண்ணி பயம்?' என்று நீ சிரிப்பது தெரிகிறது. என்னவோ தெரியவில்லை, காலையில் எழுந்ததும் பட்டியலை இன்னொரு தடவை எண்ணிப் பார்க்கிறேன்.

நேற்று ஒரு ஐந்து மாதக் கர்ப்பிணி கவுண்டருக்கு வந்து, "மேடம், செப்டம்பர்ல பொறந்தா எந்த ஊரு, அக்டோபர்ல பொறந்தா எந்த ஊரு?" என்று கேட்டாள். சொன்னேன். "அப்ப ஒரு வாரம் தள்ளிப் போனா தேவல" என்றாள், நான் ஏதோ தேதி ஒத்திவைத்துக் கொடுக்கிற மாதிரி. பின்னால் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் ஆபீசிலிருந்து எங்கள் பதிவேடுகளைச் சரிபார்க்க ஆள் வருமாமே. யார் வருவார்கள், எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்தால் ஒரு வரி எழுது.

உன் அண்ணி

ஜூன் 15

அன்புள்ள அண்ணிக்கு,

இருமல் நின்றுவிட்டது, பதிலாக முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. குட்டி அதைத் தீப்பெட்டியில் போட்டு, 'அத்தை வந்தா காட்டணும்' என்று எடுத்து வைத்திருக்கிறாள். அவருடைய கப்பல் வரப் பொங்கல் ஆகிவிடும். சமையல்காரர் இல்லாமல் கப்பல் நகராதாம். வீடு மட்டும் நகரும் போலிருக்கிறது.

ஆள் யார் என்று கேட்டீர்களே. உட்கார்ந்துகொள்ளுங்கள். ஒரு ஆள் நான்தான்!

தணிக்கைப் பிரிவிலிருந்து எட்டுப் பேரைப் பொறுக்கி எடுத்தார்கள். என் பெயரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேரே மேலாளரிடம் போனேன். காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பார், அதனால் எங்களுக்கு அவர் பென்சில். "சார், அந்த ஆபீஸ்ல எங்க அண்ணி வேலை பாக்குறாங்க. என்னைப் போடாதீங்க" என்றேன். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரத்த உறவு இருந்தாத்தான் கூடாது. அண்ணி ரத்த உறவா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சொல்லும்போது என்னவோ போல இருந்தது.

பயப்பட ஒன்றும் இல்லை அண்ணி. நியமன உத்தரவு, விடுப்புக் கணக்கு, பணிப் பதிவேடு மூன்றையும் ஒழுங்காக எடுத்து வையுங்கள். விரல் வைக்கிற மெஷின் வருவதற்கு முந்தைய காலத்திலிருந்து மூன்று வருஷ வருகைப் பதிவேடுகளை எடுத்து, விடுப்புக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். அவ்வளவுதான். நீங்கள் காரணமில்லாமல் லீவு போட்டே நான் பார்த்ததில்லை.

ஒரே வேண்டுகோள், இது முடியும்வரை இந்தப் பக்கம் வராதீர்கள். என்னோடு உங்களை யாராவது பார்த்தால் இல்லாததும் பொல்லாததும் பேசுவார்கள்.

உங்கள்
பாப்பா

ஜூன் 22

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நல்லதாகப் போயிற்று என்று உங்கண்ணன் குதிக்கிறார். நான் குதிக்கவில்லை.

எல்லாக் காகிதமும் எடுத்து வைத்துவிட்டேன். நியமன உத்தரவில் பூச்சி அரித்து என் அப்பா பெயரில் பாதியைக் காணோம், அதற்கு என்ன செய்வார்களோ. இங்கே ஆபீசில் யாருக்கும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பீரோ எல்லாம் திறந்து கிடக்கிறது. தும்மல் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. எங்கள் டைப்பு அக்காவை உனக்குத் தெரியுமே, அவருக்கு ரிட்டயராக நாலு மாசம்தான். நேற்று டைப் அடித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பிரஷர். முகத்தில் தண்ணீர் தெளித்து உட்கார வைத்தோம்.

ஒன்று கேட்கட்டுமா? மூன்று வருஷம் என்றாயே, எந்த மூன்று வருஷம் என்று உனக்குத் தெரியுமா? சொல்லக் கூடாது என்றால் சொல்லாதே. நான் கேட்டதாகவே நினைக்க வேண்டாம்.

பல்லைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்.

உன் அண்ணி

ஜூலை 1

அன்புள்ள அண்ணிக்கு,

சொல்லக் கூடாது. எனக்கே தெரியாது, சீட்டுப் போட்டு எடுப்பார்கள்.

நீங்கள் இதைக் கேட்டது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. எதற்குக் கேட்டீர்கள்? டைப்பு அக்காவுக்காகவா? அவரிடம் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள். டைப் அடிக்கிறவரை யார் என்ன செய்யப் போகிறார்கள்.

பாப்பா

ஜூலை 11

அண்ணி,

உங்கள் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன்.

உங்கள் ஆபீஸ் பதிவேடுகள் வேனில் வந்து இறங்கின. சீட்டில் விழுந்த ஒரு வருஷம், ஏழு வருஷத்துக்கு முந்தையது. அது என் மேஜைக்கு வந்தது. நான் பாட்டுக்கு ஒவ்வொரு மாதமாகப் புரட்டிக்கொண்டு வந்தேன். மார்ச் வந்தது. உங்கள் பெயருக்கு நேரே ஏழாம் தேதியிலிருந்து இருபத்தேழாம் தேதி வரைக்கும், மூன்று ஞாயிறு தவிர, தினமும் கையெழுத்து இருக்கிறது.

அண்ணி, குட்டி பிறந்தது மார்ச் ஒன்பது. ஏழாம் தேதி காலையில் எனக்கு ரத்தம் நிற்காமல் போய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, பக்கத்து வீட்டுக்காரி போன் பண்ணி, மத்தியானமே நீங்கள் வந்துவிட்டீர்கள். அம்மா இல்லை, அவர் நடுக்கடலில். எட்டாம் மாதக் குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள். இருபத்தோரு நாள் என் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தீர்கள். நர்சுகள் முகம் சுளித்ததை எல்லாம் நீங்கள் கழுவினீர்கள். எனக்குத் தேதி மறக்குமா? அந்த நாட்களில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று இந்த உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

அந்தப் பதினெட்டும் உங்கள் கையெழுத்து மாதிரிதான் இருக்கிறது. ஆனால் உங்களுடையது இல்லை. நீங்கள் கடைசிக் கோட்டை மேலே இழுப்பீர்கள், இது கீழே போகிறது. உங்கள் கடிதங்களை இருபது வருஷமாகப் படிக்கிறவள் நான்.

விடுப்புக் கணக்கில் அந்த மாதம் ஒரு நாள்கூடக் கழியவில்லை. பதிவேட்டை மூடி வைத்துவிட்டுத் தலைவலி என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்குத் தெரியாத ஏதோ ஒரு உத்தரவு இருக்கிறது, ஏதோ ஒரு அனுமதி வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லுங்கள்.

பாப்பா

ஜூலை 14

அன்புள்ள பாப்பாவுக்கு,

அனுமதி எதுவும் இல்லை. உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது.

அந்த வருஷம் ஜனவரியில்தான் உங்கண்ணனுக்குக் கால் முறிந்தது, நினைவிருக்கிறதா? இருந்த விடுப்பெல்லாம் அவர் கட்டிலோடு போயிற்று. உன்னைப் பற்றிப் போன் வந்த அன்று நான் ஆணையரிடம் ஓடினேன். "சம்பளமில்லா லீவு எடுத்தா பணி முறிவுன்னு எழுதணும். முன்னால இருக்கிற சர்வீஸ் அத்தனையும் போயிடும். யோசிச்சுக்கோங்கம்மா" என்றார். யோசிக்க எனக்கு நேரம் ஏது? கையில் பையோடு வாசலில் நின்று அழுதேன். டைப்பு அக்கா வந்து, "நீ கெளம்பு. நான் பாத்துக்கறேன்" என்றார். நான் கிளம்பிவிட்டேன்.

எங்கள் ஆபீசில் பெண்கள் ஆறு பேருக்கும் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. நாள் கொடுப்பது என்று சொல்வோம். ஒருத்திக்கு வீட்டில் இடி விழுந்தால் இன்னொருத்தி அவளுக்காகக் கையெழுத்துப் போட்டு, அவள் வேலையையும் சேர்த்துப் பார்ப்பாள். போனவள் திரும்பி வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தனை நாளையும் அடைத்துவிட வேண்டும். அதுதான் சட்டம். ஒரு நாள் குறைத்தவள் எங்களில் ஒருத்தியும் இல்லை. நான் ஏப்ரலிலிருந்து பதினெட்டு ஞாயிறு கவுண்டரைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை இறந்தவர்களுக்குத் திங்கள்வரை காத்திருக்காமல் சான்றிதழ் கிடைத்தது. இறப்புப் பதிவேட்டை எடுத்துப் பார், பதினெட்டு ஞாயிறும் என் எழுத்தில் இருக்கும். மேலே இழுத்த கோடு.

நீ அன்றைக்கு மயக்கம் தெளிந்ததும், "லீவு கிடைச்சுதா அண்ணி?" என்று கேட்டாய். "கிடைச்சுது, நீ தூங்கு" என்றேன். நான் உன்னிடம் சொன்ன ஒரே பொய் அது.

எனக்காகக் கேட்கவில்லை. அக்காவுக்கு இன்னும் மூன்றரை மாசம். அடுத்தவள் கையெழுத்தைப் போட்டார் என்று தெரிந்தால் பென்ஷன் போய்விடும். அவருக்கு வீட்டில் வேறு யாரும் இல்லை.

உன் அண்ணி

ஜூலை 18

அன்புள்ள அண்ணிக்கு,

இறப்புப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். பதினெட்டு ஞாயிறும் இருக்கிறது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. உடனே பென்சிலிடம் போய், யாருக்கோ நடந்த மாதிரி, "சார், ஒருத்தர் வராத நாளுக்கு ஞாயித்துக்கிழமை வேலை செஞ்சு ஈடு கட்டியிருந்தா?" என்று கேட்டேன். "உத்தரவில்லாம ஞாயித்துக்கிழமை ஆபீசைத் திறந்தாங்களா? அது தனிக் குத்தம்" என்றார். என் மேஜைக்குத் திரும்பிவிட்டேன்.

இன்னொரு மேஜையில் வரிப் பிரிவுப் பெண்கள் இரண்டு பேருடைய கையெழுத்து மாறியிருப்பதைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். ஆனால் உங்களுடையது அப்படி யாருக்கும் தெரியாது. அக்கா அவ்வளவு ஒழுங்காகப் போட்டிருக்கிறார். மற்ற ஏழு பேரில் யார் கைக்குப் போயிருந்தாலும் 'சரிபார்த்தேன்' என்று எழுதிப் பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள். என் கைக்கு வந்ததுதான் வினை. கட்டிலில் கிடந்தவள் நான் என்பதுதான் வினை.

பக்கத்துக்குப் பக்கம் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். பொய் என்று தெரிந்து போட்டால் நான் இந்த வேலைக்கு லாயக்கில்லாதவள். உண்மையை எழுதினால் மனுஷியாக இருக்கவே லாயக்கில்லாதவள். இரண்டு நாளாகப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். குட்டி, "ஏம்மா திட்டிக்கிட்டே இருக்க?" என்று அழுகிறாள்.

நேற்று அண்ணன் போன் பண்ணினார். யார் சொன்னார்களோ. "உன் உயிரைக் காப்பாத்துனவளைக் காட்டிக் குடுக்கப் போறியா? நீ எல்லாம் ஒரு தங்கச்சியா?" என்று கத்தினார். போனை அணைத்து வைத்துவிட்டேன். இனி அவர் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன், வீட்டுக்கு வந்தாலும் கதவைத் திறக்க மாட்டேன். நீங்கள் மட்டும் எழுதுங்கள்.

இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்குப் பதிவேடு மேலே போகிறது. என்ன செய்யட்டும்? நீங்களே சொல்லுங்கள். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

உங்கள்
பாப்பா

ஜூலை 24

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் இருபத்தொன்றாம் தேதியே வந்துவிட்டது. மூன்று நாள் பதில் எழுத முடியவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன்.

முதலில் உங்கண்ணன் விஷயம். டைப்பு அக்கா பயத்தில் அவரிடம் உளறிவிட்டார். நான் உங்கண்ணனை நன்றாக வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டேன். இரண்டு நாளாக வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. அவர் கத்தியதை மனசில் வைக்காதே. உன்னைக் காப்பாற்றியதற்கு நான் ரசீது வைத்திருக்கிறேனா என்ன?

'நீங்களே சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தாய். மறைத்துவிடு என்று நான் சொன்னால் உன் வேலைக்குக் குழி. எழுதிவிடு என்று சொன்னால் காலம் முழுக்க உனக்கு உறுத்தல். இரண்டையும் நான் உன் தலையில் கட்ட மாட்டேன். அதனால் இன்று காலை பதினோரு மணிக்கு நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். மார்ச் மாதம் பதினெட்டு நாள் வராமல் இருந்தேன், திரும்பி வந்து என் கையாலேயே அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டேன், வேறு யாருக்கும் இதில் சம்பந்தம் இல்லை என்று. எங்கள் கண்காணிப்பாளர் அதை ஆள் மூலமாக இன்றைக்கே உங்கள் ஆபீசுக்கு அனுப்பிவிட்டார். யாரைப் பார்க்கப் போனேன் என்று எழுதவில்லை. நெருங்கிய உறவு என்று மட்டும் எழுதினேன்.

அக்காவின் பெயர் இதில் வராது. உன் பெயரும் வராது. நீ இனி எதுவும் செய்ய வேண்டாம். நிம்மதியாகத் தூங்கு. எனக்கும் இன்றைக்குத்தான் சாப்பாடு இறங்கியது.

உன் அண்ணி

ஜூலை 24

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்துக்காக இன்று மத்தியானத் தபால்வரை பார்த்தேன். வரவில்லை. புரிந்துகொண்டேன். இதை உங்களிடம் கேட்டதே தப்பு. எந்த அண்ணி இதற்குப் பதில் எழுதுவாள்?

நாலரை மணிக்குப் பேனாவை எடுத்தேன். மார்ச் மாதப் பக்கத்தின் கீழே 'சரிபார்த்தேன், வேறுபாடு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேதியும் போட்டேன். பதிவேடு மேலே போய்விட்டது.

முடிந்தது அண்ணி. அக்காவிடம் சொல்லுங்கள். நீங்கள் ஒன்பதாவது இடத்திலேயே இருப்பீர்கள். கேட்டால் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்வேன். கொஞ்சம் பயம் இருக்கிறது, அது போகப் போகச் சரியாகிவிடும்.

உங்கள்
பாப்பா

ஜூலை 30

அண்ணிக்கு,

இரண்டு காகிதத்தையும் பென்சில் என் முன்னால் மேஜைமேல் வைத்தார். ஒன்று நீங்கள் எழுதிக் கொடுத்தது, காலை பதினோரு மணி. இன்னொன்று நான் கையெழுத்துப் போட்டது, மாலை நாலரை மணி. "அவங்களே தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க. நீங்க எப்படிம்மா வேறுபாடு இல்லைன்னு எழுதினீங்க?" என்று கேட்டார். மற்ற ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நெருங்கிய உறவு யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். பிறகு ஒவ்வொன்றாக வந்துவிட்டது. கையெழுத்து மட்டும் நீங்கள் எழுதிக் கொடுத்தபடி உங்களுடையதுதான் என்று சாதித்தேன். அக்காவுக்கு ஒன்றும் வராது.

என்னைத் தணிக்கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மெமோ வந்திருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக என் கையெழுத்து இருந்தால் பென்சில் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார். இப்போது நான் சரிபார்த்த எல்லாப் பதிவேட்டையும் வேறு ஆளை வைத்து முதலிலிருந்து பார்க்கிறார்கள்.

மூன்று நாள் எழுதிக் கிழித்தீர்களே அண்ணி, அதில் ஒன்றைக் கிழிக்காமல் போட்டிருக்கக் கூடாதா? 'நான் எழுதிக் கொடுக்கப் போகிறேன்' என்று ஒரே ஒரு வரி. நீங்கள் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தீர்கள். நான் ஒருத்தி உங்களைக் காப்பாற்றுவேன் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை, இல்லையா? எப்போதும் நான் கட்டிலில் கிடக்கிறவள், நீங்கள் கீழே படுத்திருக்கிறவர்.

இனி எழுத வேண்டாம். எனக்குப் படிக்கத் தெம்பு இல்லை.

ஆகஸ்ட் 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

எழுதாதே என்று நீ சொன்னாலும் எழுதுகிறேன். தப்புதான். ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் நீ தடுப்பாய் என்று பயந்தேன். உனக்குத் தைரியம் வராது என்று நினைத்தேன். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

குட்டியை ஒரு நாள் போனில் பேசச் சொல். உங்கண்ணன் ஸ்பீக்கர் போட மாட்டார், சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

உன் அண்ணி

செப்டம்பர் 6

பாப்பா,

பட்டியல் வந்துவிட்டது. பணி முறிவு என்று எழுதிவிட்டார்கள். முன்னால் இருந்த பதினேழு வருஷம் கணக்கில் இல்லை. ஒன்பதாவதாக இருந்தவள் முப்பத்தெட்டாவது. முப்பதாம் தேதியோடு எனக்கு வேலை முடிகிறது. நீ வேறு யார் மூலமாகவும் கேள்விப்படக் கூடாது என்று எழுதினேன்.

டைப்பு அக்கா என் வீட்டுக்கு வந்து பாத்திரங்களையெல்லாம் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அண்ணி

செப்டம்பர் 30
பிறப்பு இறப்புப் பிரிவு

பாப்பா,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. மேஜை டிராயரில் வைத்துவிட்டுப் போகிறேன். நாளைக்குக் காலையில் நீதான் இதைத் திறப்பாய்.

மாற்றல் உத்தரவை நேற்று ஒட்டினார்கள். எங்கள் பழைய ஆபீஸ் இனி உங்கள் வார்டு ஆபீஸ், பிறப்பு இறப்புக் கவுண்டருக்கு நேரே உன் பெயர். நான் இரண்டு தடவை படித்தேன். உங்கள் தலைமை ஆபீசிலிருந்து இந்த மூலைக்கு அனுப்புவதற்குத் தண்டனை மாற்றல் என்று பெயராம், கண்காணிப்பாளர் சொன்னார். இருபத்துநாலு வருஷம் நான் ஆசையாக வந்து போன இடம் உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தண்டனை! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் ஒப்புக்குக் கொஞ்சம் செய்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் இருக்கிறது. வேலை போனதில் இல்லை, அதை நானே எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாசம் நீ ஒரு வரி எழுதாததில் கோபம். என் நாற்காலியில் யாரோ முகம் தெரியாத ஒருத்தி உட்கார்ந்தால் மனசார வாழ்த்தியிருப்பேன். நீ உட்காரப் போகிறாய் என்றதும் வயிறு எரிகிறது. எரியட்டும், அதை மறைத்து எனக்கென்ன லாபம்? மறைத்துப் பட்டது போதும்.

பழைய ஊர் பெயரில் கடைசிப் பதிவு இன்று மத்தியானம் மூன்று மணிக்கு எழுதினேன், ஒரு பெண் குழந்தை. அப்பா, "நாளைக்குத் தேதி போட்டு மாநகரம்னு எழுதிடுங்களேன்" என்று கெஞ்சினார். இன்றைக்குப் பிறந்ததை இன்றைக்குத்தான் எழுத முடியும் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தின் கீழே கோடு போட்டு மூடிவிட்டேன். புதுப் பதிவேடு உனக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கிறது, முதல் பக்கம் காலியாக.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. இங்கிருந்து நம் வீடு ஆறு நிமிஷ நடை. டிபன் பாக்ஸ் கொண்டு வந்து இந்த மேஜையில் வைத்துத் தனியாகச் சாப்பிடுகிற வேலை எல்லாம் வேண்டாம். நேரே வீட்டுக்கு வா. நான் உன்னோடு பேசுவேனா என்று எனக்கே தெரியவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பரிமாறுவேன். நீயும் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடு. எத்தனை நாள் இப்படி என்று பார்க்கலாம், எனக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது.

வராமல் இருந்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. நாளைக்கு நீ வரவில்லை என்றால், மறுநாள் நானே தட்டை எடுத்துக்கொண்டு வருவேன். உன் கவுண்டர் வரிசையில் என் முறை வரும்வரை நின்று, ஊர் பார்க்க உனக்கு ஊட்டிவிட்டுத்தான் போவேன்.

உன் அண்ணி